மாடி ஆபீஸின் இடுப்பளவு

பங்குச் சந்தை ஏறப்போகிறதா இறங்கப்போகிறதா என்பது அந்தக் கட்டடத்தில் முதலில் தெரியவருவது கீழ்த்தளத்துத் தையல் கடைக்குத்தான். மாடியிலிருந்த ஷேர் புரோக்கர் ஆபீஸுக்கு இரண்டு வாரம் கழித்துத் தெரியும். பேப்பர்காரர்களுக்கு அதற்கும் மறுநாள். இதை மாஸ்டர் வெளியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை. பெண்டாட்டியிடம் மட்டும் ஒரு தடவை, அவள் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்துச் சொன்னார். பதில் சொல்ல அவளால் முடியவில்லை. ஒத்துக்கொண்டாள் என்று எடுத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். மாடியில் பதினாலு பேர் வேலை பார்த்தார்கள். பதினாலு பேருக்கும் பேண்ட் தைப்பவர் மாஸ்டர். சந்தையில் நல்ல காலம் வரப்போகிறது என்றால் அவர்களுக்கு முன்கூட்டியே பசி எடுக்கும். இடுப்பை விட்டுக் கொடுங்கள் என்று ஒருவர் பின் ஒருவராகப் படியிறங்கி வருவார்கள். கெட்ட காலம் என்றால் அது அவர்கள் தொண்டைக்கு முதலில் தெரிந்துவிடும். சாப்பாடு இறங்காது. இடுப்பைப் பிடித்துக் கொடுங்கள் என்று வருவார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் சந்தை பெரிதாக ஒரு தடவை சரிந்தது. அதற்குப் பதினைந்து நாள் முன்பே மேனேஜர் தன் பேண்டை முக்கால் இஞ்ச் பிடிக்கக் கொடுத்திருந்தார். மாஸ்டர் உடனே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். அளவு ரெஜிஸ்டரிலிருந்து இடுப்புப் பத்தியை மட்டும் அதில் தேதி போட்டு எழுதத் தொடங்கினார்.

நோட்டு பொய் சொல்லவில்லை. அல்லது சொன்னபோது மாஸ்டர் கவனிக்கவில்லை. சில்லறையாகப் போட்டுச் சில்லறையாக எடுத்ததில் மனைவியின் மெஷினுக்கு மோட்டார் வந்தது. ஷேர் வாங்குவதும் விற்பதும் அவளுடைய தம்பி வழியாகத்தான். அவன் மாடி ஆபீஸில் ஃபைல் தூக்கும் வேலையில் இருந்தான். மாஸ்டர் பேரில் கணக்குத் திறந்து, செல்போனில் எங்கே தட்ட வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவன் அவன். ஆனாலும் மாஸ்டர் தானாகத் தட்டமாட்டார். கத்தரியைப் பிடிக்கும் விரல் கண்ணாடியில் நிற்காது என்பார்.

அந்த வருஷம் மழை விட்டதும் இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, மாஸ்டர் கழுத்தில் பன்னிரண்டு வருஷமாகத் தொங்கிய அளவு டேப்பின் நுனி நைந்து, அதன் பித்தளைத் தகடு ஒற்றை நூலில் ஆட ஆரம்பித்தது. ஒரு மத்தியானம் மனைவி அதைக் கழற்றி, நைந்ததை வெட்டி எறிந்து, தகட்டைத் திரும்ப வைத்து அடித்து, அவர் கழுத்தில் போட்டாள். போடும்போது ஏதோ சொன்னாள். மாஸ்டர் ஜிப் வைத்துக்கொண்டிருந்தார், மோட்டார் ஓடியது. "ம்" என்றார்.

இரண்டாவது, மாடி ஆபீஸில் வருஷா வருஷம் ஆளுக்கு இரண்டு செட் துணி எடுத்துக் கொடுக்கும் வாரம் வந்தது. பதினாலு பேரும் அளவு கொடுக்க இறங்கி வந்தார்கள்.

முதலில் கேஷியர். முப்பத்துநாலு இருந்தவர் முப்பத்தைந்து. அடுத்து டைப்பிஸ்ட். அவரும் ஒரு இஞ்ச் ஏறியிருந்தார். நாலாவது ஆளில் மாஸ்டருக்குக் காது சூடானது. மேனேஜரை இரண்டு தடவை அளந்தார். முப்பத்தெட்டேகால் அல்ல, முப்பத்தொன்பதேகால். பதினாலு பேர், பதினாலு இஞ்ச். அப்படி ஒரு அறிகுறி நோட்டு திறந்த நாளிலிருந்து வந்ததில்லை. இனிமேல் வரவும் போவதில்லை என்று அவருக்குப் பட்டது.

பதினோரு வருஷமாகச் சேர்த்த பணம் பேங்கில் இருந்தது. என்றைக்காவது அந்தக் கடை அறையைச் சொந்தமாக வாங்குவதற்கென்று புருஷனும் பெண்டாட்டியும் ராத்திரி டீயைக்கூட ஒன்றாகக் குறைத்துச் சேர்த்த பணம். மாஸ்டர் அதை முழுசாக எடுத்தார். ஒரு சிமெண்ட் கம்பெனி, ஒரு பேங்க், பெயர் வாயில் நுழையாத ஒரு மருந்துக் கம்பெனி என்று மூன்றில் போட்டார்.

ஐந்து வாரம் கழித்துச் சந்தை விழுந்தது.

விழுந்தது என்று சொல்வதும் சரியில்லை. விழுந்திருந்தால் ஒரு இடத்தில் கிடந்திருக்கும். அது ஒரு நாள் விழும், மறுநாள் பாதி எழும், அதற்கடுத்த நாள் எழுந்ததற்கும் சேர்த்து விழும். எங்கேயோ சண்டை என்றார்கள், எண்ணெய் என்றார்கள், வட்டி என்றார்கள். மாஸ்டர் போட்ட நூறு அறுபத்திரண்டாகியிருந்தது. அவர் இஸ்திரிப் பெட்டியை வைத்த இடத்தில் மறந்து, ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் பேண்டில் முழங்காலுக்குப் பின்னால் பழுப்பாக ஒரு முக்கோணம் விழுந்தது. சாப்பிட உட்காருவார், தட்டைப் பார்ப்பார், எழுந்துவிடுவார்.

கட்டட ஓனர் வந்தது அந்தச் சமயத்தில்தான். பெண்டாட்டி இறந்தபின் தெருக்கோடி வீட்டில் தனியாக இருக்கிற மனிதர். ஆபீஸ்காரர்கள் அளவு கொடுத்த அதே வாரம் அவரும் இரண்டு பேண்ட் தைத்துக்கொண்டு போனவர். கடைக்குள் வந்து நின்று, இடது கையால் பேண்டின் இடுப்பைப் பற்றிக்கொண்டு, சுவரைப் பார்த்துப் பேசினார்.

"மாஸ்டர், இந்த ரூமை விக்கப்போறேன். எதிர்ல செல்போன் கவர் விக்கிறான் பாரு, அவன் கேக்கிறான்."

"எங்களத்தானே முதல்ல கேப்பேன்னு சொன்னீங்க சார்."

"அதான் வந்திருக்கேன். விலையக் கொறச்சே சொல்றேன். மூணு வாரம். புதன்கிழமை காலைல வருவேன். இல்லேன்னா அவன்தான். எல்லாத்தையும் முடிச்சிட்டு மக வீட்டுக்குப் போயிடணும்."

"என்ன சார் திடீர்னு?"

"திடீர்னுதான் வரும் எல்லாம்" என்று சொல்லி, இடுப்பைப் பிடித்தபடியே போய்விட்டார்.

மாஸ்டரின் பிழைப்பு அந்தப் படிக்கட்டு. மாடியிலிருந்து இறங்கும் கால்கள் கடை வாசலில்தான் தரையைத் தொடும். அறை கைமாறினால் இருபத்தாறு வருஷத்து வாடிக்கை செல்போன் கவருக்குப் போகும். வாங்கப் பணம் இருந்தது, மூன்று கம்பெனியில், நூறுக்கு அறுபத்திரண்டாக. இன்றைக்கு எடுத்தால் பத்தாது. நாளைக்கு என்று விட்டால் இருப்பதும் போகலாம். மூன்று வாரமும் இப்படி நாளைக்கு நாளைக்கு என்றே ஓடி, செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது.

செவ்வாய் சாயந்திரம் கேஷியர் பேண்டோடு வந்தார். லூஸ். பின்னாலேயே டைப்பிஸ்ட். லூஸ். ஆறு மணிக்குள் ஒன்பது பேண்ட் வெட்டும் மேசையில் குவிந்தது. கடைசியாக மேனேஜருடையது. அதை எடுத்து வந்தவன் மச்சினன்.

"மாமா, மேல ஒருத்தன் மூஞ்சியிலயும் ரத்தம் இல்ல. போன வாரம் மேனேஜர் ஃபோன் பேச எந்திரிச்சாரு, பேண்ட் வழுக்குச்சு. கேஷியர் பாத்துட்டாரு. 'மேனேஜரே இப்படி எளச்சுட்டாருன்னா அவருக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு'ன்னு தன் ஷேரை எல்லாம் வித்தாரு. அப்புறம் ஒவ்வொருத்தரா தன் இடுப்பத் தொட்டுப் பாத்தாங்க. எல்லாருக்கும் லூஸ். எல்லாரும் வித்துட்டாங்க. வாடிக்கக்காரங்களுக்கும் ஃபோன் போட்டுச் சொல்லிட்டாங்க."

மாஸ்டர் நோட்டைத் திறந்தார். ஆளுக்கு ஒரு இஞ்ச் லூஸ் என்று சொன்னதைக் கூட்டினால் ஒன்பது இஞ்ச் போயிருந்தது. மீதி ஐந்து பேரும் நாளைக்கு வருவார்கள்.

"இன்னும் விழும்" என்றார். "காலைல சந்தை திறந்ததும் மூணையும் வித்திடு. வர்றத ஓனர் கையில அட்வான்ஸா வச்சுக் காலப் பிடிக்கிறேன்."

புதன்கிழமை எட்டரைக்கே மூன்று பேரும் கடையில் இருந்தார்கள். ஒன்பதேகாலுக்குச் சந்தை திறக்கும். வெளியே அனல் காற்று வீசி, பாதி இறக்கியிருந்த ஷட்டர் கடகடவென்று ஆடியது. மச்சினன் ஸ்டூலில் செல்போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டீக்கடையிலிருந்து வந்த மூன்று டீயில் ஒன்று ஆடை கட்டிக் கிடந்தது, அது மாஸ்டருடையது. மனைவி ஒரு பக்கமாக உட்கார்ந்து மேனேஜர் பேண்டின் இடுப்புப் பட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"விக்கிறதா இருந்தா மூணு வாரம் முந்தியே வித்திருக்கணும்" என்றாள், பிளேடை நிறுத்தாமல்.

"அப்ப அறிகுறி வரல."

"வீட்டுல உக்காந்து நான் அழுதது அறிகுறி இல்லியா?"

"நீ சினிமாவுக்கும் அழற. அத எப்படி நோட்டுல எழுதறது?"

"அக்கா, இன்னும் பதினஞ்சு நிமிஷம்" என்றான் தம்பி.

"நீ வாய மூடு. 'மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்'னு தட்டிட்ட. உன் காசா இருந்தா தட்டியிருப்பியா?"

"என் காசும் அதுலதான் இருக்கு அக்கா."

மனைவி பிளேடை நிறுத்தி அவனைப் பார்த்தாள். அவன் செல்போனைப் பார்த்தான். அவள் மறுபடி பிரிக்கத் தொடங்கினாள். பிரித்து முடித்ததும் தன் மெஷின் டிராயரிலிருந்து தன்னுடைய டேப்பை எடுத்து இடுப்பை அளந்தாள். எழுந்து போய் ரெஜிஸ்டரைப் பார்த்தாள். திரும்பி வந்து, காலை அளந்தாள். மறுபடி ரெஜிஸ்டர். அடுத்து கேஷியர் பேண்டை எடுத்துக் காலை அளந்தாள்.

"என்னங்க, கவலைல இடுப்பு சுருங்கும். ஒத்துக்கிறேன்."

"சுருங்கத்தான் செய்யும்."

"காலு சுருங்குமா?"

"என்ன பேசற?"

"எல்லார் பேண்டும் இடுப்பு லூஸுன்னீங்க. நீளமும் ஒரு இஞ்ச் ஜாஸ்தி. காலுக்கடியில மிதிபட்டு மடிப்பு கிழிஞ்சிருக்கு, பாருங்க."

"இடுப்பு லூஸானா பேண்ட் கீழ எறங்கும். எறங்கினா மிதிபடும்."

"போட்டிருந்தா எறங்கும். மேசைல கெடக்கிறது எங்க எறங்கும்?" ரெஜிஸ்டரை அவர் முன்னால் விரித்தாள். "போன வருஷம் மேனேஜர் நீளம் முப்பத்தொம்பது. இந்த வருஷம் நாப்பது. கேஷியர் நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டு. டைப்பிஸ்ட்டும் அப்படித்தான். அம்பது வயசுக்கு மேல பதினாலு பேரு ஒரே வாரத்துல ஒரு இஞ்ச் வளந்திருக்காங்க. இடுப்புப் பத்திய மட்டும் பாத்தீங்களே, பக்கத்துப் பத்திய ஒரு கண்ணு பாக்கக்கூடாதா?"

மாஸ்டர் மெதுவாகக் கழுத்திலிருந்து டேப்பை உருவினார். முப்பது வருஷமாக அவர் டேப்பின் முதல் இஞ்சைப் பார்த்தவரல்ல. கட்டைவிரல் விழுகிற இடத்து எண்ணைத்தான் பார்ப்பார். இப்போது நுனியைக் கண்ணருகே கொண்டுவந்து பார்த்தார். பித்தளைத் தகட்டை ஒட்டி, ஒன்றுக்குப் பதிலாக இரண்டில் முடிகிற கட்டம் இருந்தது. ஒன்றைக் காணவில்லை.

டேப் ஆளுக்கு, மேசை விளிம்பில் பதித்த இரும்பு ஸ்கேல் துணிக்கு. அப்படித்தான் அவர் தொழில் பழகியது. ஆளைக் குறைந்த டேப்பில் அளந்திருக்கிறார், துணியைச் சரியான ஸ்கேலில் வெட்டியிருக்கிறார். யாரும் பெருக்கவும் இல்லை, இளைக்கவும் இல்லை.

"வெட்டினது யாரு?"

"நான்தான் வெட்டினேன். அன்னிக்கே சொன்னேன், 'ஒரு இஞ்ச் போயிருக்கு, கழிச்சு எழுதுங்க'ன்னு. 'ம்'னீங்க."

"மோட்டார் ஓடிச்சு. 'ம்'னா கேட்டேன்னு அர்த்தமா?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன்."

சந்தை ஏன் விழுந்தது என்று நிபுணர்கள் அந்த வாரம் பதினோரு காரணம் எழுதினார்கள். நுனி வெட்டிய டேப் அந்தப் பதினொன்றில் இல்லை. பன்னிரண்டாவதாக யாராவது எழுதியிருந்தால் மாஸ்டர் மறுத்திருக்கமாட்டார்.

"மாமா, தொறந்திடுச்சு" என்றான் மச்சினன். "அறுபது. அறுபத்தொண்ணு. விக்கவா?"

"இரு."

"அறிகுறி இல்லேன்னா விக்க வேண்டாம்தானே?"

"அறிகுறி இல்லேன்னா வச்சிருக்கவும் முடியாதேடா."

"அப்ப விக்கவா?"

"இருன்னு சொன்னேன்ல."

ஷட்டருக்கு அடியில் குனிந்து ஓனர் உள்ளே வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவரில் பத்திரத்தின் நகல். இன்னொரு கை இடுப்பில். மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"பணம் இருக்கா மாஸ்டர்?"

"முழுசா இல்ல சார். பாதிக்கு மேல இருக்கு. மீதிக்கு..."

ஓனர் கையைக் காட்டி நிறுத்தினார். "நானும் யோசிச்சேன். அந்த செல்போன் பையன் நேத்து வந்து சுவர எல்லாம் தட்டித் தட்டிப் பாக்கிறான். எனக்குப் பிடிக்கல. என் பெண்டாட்டி ரவிக்கை தைக்க உங்கிட்டதான் வருவா. உங்கையில என்ன இருக்கோ அதக் குடு. மீதிய விடு."

"விடுன்னா?"

"விடுன்னா விடு. உன் பேருக்கு எழுதிடறேன். எனக்கு இனிமே எதுக்குப் பணம்?"

மச்சினனின் விரல் செல்போனுக்கு மேலே ஒரு நூல் இடைவெளியில் நின்றது. மனைவி பிளேடை மேசையில் வைத்தாள். அறுபத்தொன்றுக்கு விற்று அறையே சொந்தமாகிவிடும். பதினோரு வருஷம் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கத்தான் டீயைக் குறைத்தது.

"ஏன் சார் இப்படிப் பேசறீங்க?" என்றார் மாஸ்டர்.

ஓனர் குனிந்து தன் இடுப்பைக் காட்டினார். பேண்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாகப் போயிற்று.

"யார்கிட்டயும் சொல்லல. நீ தெச்ச பேண்ட்தான். தெச்ச அன்னிக்கு எப்படி இருந்திருக்கும்? ரெண்டு மாசத்துல பாரு. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆச்சு, முதல்ல இடுப்பு போச்சு, அப்புறம் ஆளு போனாரு. டாக்டர்கிட்டப் போனேன். ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் பாத்துட்டு ஒண்ணுமில்லைங்கிறாரு. ஒண்ணுமில்லேன்னு அவ்வளவு அன்பா சொல்றாருன்னா, அப்ப எவ்வளவு இருக்கும்னு யோசி. மூணு வாரமா முட்ட, பாலு, ரொட்டின்னு பயந்து பயந்து தின்னுக்கிட்டிருக்கேன். பேண்ட் நிக்கல."

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சினன் உதட்டை மட்டும் அசைத்தான், 'அறுபத்திரெண்டு' என்று.

சொல்லாமல் விட்டால் அறை சொந்தம். நாலு மாசம் கழித்து ஓனர் பெருத்துத் திரும்பி வந்தாலும் பத்திரம் பத்திரம்தான். சொன்னாலோ அறை கிடையாது. அதோடு பதினைந்து பேரையாவது தப்பாக அளந்தவன் என்று மாடி முதல் தெருக்கோடி வரை தெரிந்துவிடும். தையற்காரனுக்கு அதைவிடப் பெரிய சரிவு எந்தச் சந்தையிலும் இல்லை.

மாஸ்டர் தன் ஆறிய டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். ஆடை உதட்டில் ஒட்டியது. துடைத்துக்கொண்டார்.

"எந்திரிங்க சார்" என்றார். மனைவியிடம் கையை நீட்டினார். "உன் டேப்பக் குடு."

"எதுக்கு அளக்கிற? அதான் தெரியுதே."

"எந்திரிங்க."

அளந்தார். முப்பத்தெட்டரை. பிறகு தன் டேப்பால் அளந்தார். முப்பத்தொன்பதரை. இரண்டு டேப்பையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு நுனியையும் காட்டி, மழை விட்ட மத்தியானத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். நோட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அதை மனைவி சொன்னாள்.

ஓனர் வெட்டிய நுனியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். தன் வயிற்றைத் தொட்டார்.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்ல."

"இல்ல சார். போன வருஷம் முப்பத்தெட்டு. இப்ப அரை இஞ்ச் கூடியிருக்கீங்க."

"அது முட்ட."

"முட்டதான் சார்."

"நான் டாக்டரை வாயில வந்தபடி பேசிட்டு வந்திருக்கேன்யா." அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. சிரிப்பா அழுகையா என்று மச்சினனுக்குத் தெரியவில்லை. பிளாஸ்டிக் கவரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "ரூமை விக்கல. அந்தப் பையன்கிட்டச் சொல்லிடறேன். உனக்கும்தான் விக்கல, புரியுதா?"

"புரியுது சார்."

"வாடகை பழையபடி. இந்தப் பேண்டையும் வீட்டுல இருக்கிறதையும் பிடிச்சுக் குடு. கூலி குடுக்கமாட்டேன்."

"கூலி வேண்டாம் சார். மன்னிச்சிடுங்க."

ஷட்டருக்கு அடியில் குனியப் போனவர் நின்று திரும்பினார். "அரை இஞ்ச் மட்டும் பிடி. ஒண்ணு பிடிச்சுத் தொலைச்சுடாதே. மூணு வாரம் தின்னிருக்கேன்."

அவர் போன பிறகு கடையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. மனைவி மேனேஜர் பேண்டின் இடுப்பில் சாக்குக் கட்டியால் கோடு போட்டாள். கோடு இரண்டு தடவை கோணிற்று.

"ரூம் போச்சு" என்றாள்.

"இருக்கு. வாடகைக்கு."

"ம்" என்றாள். கேட்ட 'ம்' தான் அது.

"மாமா" என்றான் மச்சினன். "அறுபத்தாறு ஆயிடுச்சு. மேல கத்துறாங்க, கேக்குதா? இப்ப என்ன பண்ணட்டும்?"

மாஸ்டர் பழக்கத்தில் நோட்டின் பக்கம் கையைக் கொண்டுபோனார். அதற்குள் மனைவி அதை எடுத்து இரண்டாக மடித்து, ஆடுகிற மெஷின் காலுக்கு அடியில் சொருகிவிட்டாள். மெஷின் ஆடாமல் நின்றது.

"எனக்கு எப்படிடா தெரியும்?" என்றார் மாஸ்டர். ஆறு வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. "போனைக் கீழ வை. மேல போயி, ஒருத்தரும் எளைக்கல, எல்லாரும் பேண்டைக் கொண்டுவாங்கன்னு சொல்லு. நான் வந்து மன்னிப்புக் கேக்கிறேன்னும் சொல்லு."

எழுந்து டேப்பைத் தேடினார். மனைவியின் டேப் அவள் கையிலேயே இருந்தது. அவள் கொடுக்கவில்லை. எழுந்து வந்து அவர் சட்டையை மேலே தூக்கி, இடுப்பைச் சுற்றி அதை இழுத்துப் பிடித்தாள்.

"என்ன பண்ற?"

"நில்லுங்க." எண்ணைப் பார்த்தாள். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். "கல்யாணத்துலேர்ந்து முப்பத்திமூணு. இப்ப முப்பதே முக்கால்."

நோட்டில் ஏறாத ஒரே இடுப்பு அதுதான்.

மச்சினன் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கேட்டான், "ரெண்டேகால் இஞ்ச் எறக்கம். சந்தைக்கு இது என்ன அறிகுறி மாமா?"

"அவரு சாப்பிடலேங்கிறதுக்கு அறிகுறி" என்றாள் அக்கா. "போற வழியில ரெண்டு ஆம்லெட் சொல்லிட்டுப் போ. ரொட்டியோட."